என் அத்தாவும் ஒரு வாந்தி மாத்திரையும்

உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் வாந்திக்கென்று ஒரு மாத்திரை இருக்கும். எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை, இருக்கும். எப்போதோ மலைப்பாதைப் பயணத்தில் குமட்டியபோது வாங்கியதில் மீந்ததாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு வயிறு கெட்டபோது வாங்கியதாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட ஒரு மாத்திரையை என் அத்தாவுக்கு நானே என் கையால் கொடுத்தேன். அவர் கல்லாய்ச் சமைந்து படுத்துவிட்டார். அந்தக் கதையையும், பிறகு நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் உங்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் தேவர்சோலை. அத்தா இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கொழுந்து நிறுத்து, பேரேட்டில் பதிந்து பதிந்தே அவருடைய கையெழுத்து அச்சுக் கோத்தது போல் ஆகியிருந்தது. நான் கால்நடை ஆய்வாளராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். மாட்டுக்கு ஊசி போடுவதும், ஆட்டுக்குக் குடற்புழு மருந்து புகட்டுவதும், தோட்டத்து நாய்களுக்கு வந்த சீக்குகளைப் பார்ப்பதுமாக முப்பது ஆண்டுகள் இந்த மலையில் நடந்திருக்கிறேன். மருந்து என்றால் எனக்குத் தெரியும் என்று ஊரும் நம்பியது, நானும் நம்பினேன். கேடு அங்கேதான் தொடங்கியது.

அத்தாவின் நோயை முதலில் காட்டிக் கொடுத்தது அவருடைய வீட்டுக் கணக்கு நோட்டு. ஓய்வு பெற்ற பிறகும் அன்றாடச் செலவை எழுதி வைக்கும் வழக்கத்தை அவர் விடவில்லை. 2008ஆம் ஆண்டின் பக்கங்களில் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வந்தது. வரியின் தொடக்கத்தில் உளுந்தளவு இருந்த எழுத்து, முடிவில் கடுகளவாகிவிடும். கண் மங்கிவிட்டது என்று கண்ணாடியை மாற்றினோம். பிறகு வலக்கையின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் தாமாகவே ஒன்றோடொன்று உரசத் தொடங்கின. பள்ளிவாசலில் அவரைப் பார்த்தவர்கள், தஸ்பீஹ் மணி இல்லாமலேயே திக்ரு செய்கிறார் என்று மெச்சினார்கள். ருகூவிலிருந்து நிமிர அவருக்கு நேரமாயிற்று. இமாம் ஸஜ்தாவுக்குப் போன பிறகும் இவர் குனிந்தபடியே நிற்பார். அம்மாதான் ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, “ஏன் தம்பி, உங்க அத்தாவுக்கு எம்மேல ஏதும் கோவமா? மொகத்துல சிரிப்பே இல்லையே” என்று கேட்டார்கள். கோபம் இல்லை. முகத்துத் தசைகள் இறுகிப் போயிருந்தன.

2009ஆம் ஆண்டு அக்டோபரில் கோவைக்கு அழைத்துச் சென்றோம். நரம்பியல் மருத்துவர் ஒருவர் அவரை நடக்க வைத்தும், கையை மடக்கி நீட்டியும் பார்த்துவிட்டுப் பார்க்கின்சன் நோய் என்றார். நடுக்குவாதம் என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையைத் தொடங்கினார். பத்து நாட்களில் அத்தா தம் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டார். ஆனால் மாத்திரை விழுங்கிய அரை மணி நேரத்தில் குமட்டலும் வாந்தியும் வரத் தொடங்கின.

அது நவம்பர் மாதம். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையை மறந்தவர் இருக்க மாட்டார்கள். குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பகுதிகளில் மலை சரிந்து பல உயிர்கள் மாண்டன, சாலைகள் அறுந்தன. கோவைக்குப் போக வழியில்லை. தொலைபேசியில் மருத்துவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ‘வாந்திதானே, எனக்குத் தெரியாத வாந்தியா?’ என்று நினைத்தேன்.

நாய்க்கு வாந்தி கண்டால் நாங்கள் கொடுக்கும் மருந்து மெட்டோகுளோபிரமைடு. மனிதர்களுக்கும் அதே மருந்து உண்டு. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். கடையில் வாங்கி, மனிதருக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவிலேயே, நாளைக்கு மூன்று வேளை கொடுத்தேன். அளவில் பிழையே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் நாள் வாந்தி நின்றது. வீட்டில் எனக்குப் பெருமை. இரண்டாம் நாள் அத்தாவின் நடை தளர்ந்தது. மூன்றாம் நாள் ஃபஜ்ருக்கு எழுப்பப் போனபோது அவரால் படுக்கையில் புரண்டு படுக்கவும் முடியவில்லை. கழுத்து விறைத்திருந்தது, வாயோரம் எச்சில் வழிந்தது. கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன. அந்தப் பார்வையை நான் இங்கே எழுத முற்படவில்லை.

அப்போதுதான் தொலைபேசியை எடுத்தேன். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “புதுசா எதாவது மாத்திரை கொடுத்தீங்களா?” என்பது. சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “அதை இப்பவே நிறுத்திடுங்க. பழைய மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க” என்றார். நிறுத்திய நான்காம் நாள் அத்தா தேநீர்க் குவளையைத் தாமே தூக்கினார்.

சாலை திறந்த பிறகு டிசம்பரில் கோவைக்குப் போனோம். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. ஒரு தாளில் தலை ஒன்றை வரைந்து, அதில் இரண்டு இடங்களில் பூட்டுப் போல் குறியிட்டு எனக்கு விளக்கினார். அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிறகு நான் படித்தேன். படிக்கப் படிக்க, இந்த நோயின் கதையில் நம் நாட்டுக்கும், நம்மவர்களுக்கும், நம் மலைச்சரிவில் படரும் கொடிக்கும் இவ்வளவு பங்குண்டா என்று வியந்தேன்.

மூளையில் ஒரு நரம்புக் கலம் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பச் சில வேதிப்பொருள்களைப் பயன்படுத்துகிறது. அவற்றுள் ஒன்று டோபமின். அது போய் அமரும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். டோபமின் சாவி என்றால் ஏற்பி பூட்டு. உடலின் அசைவைச் செம்மையாக நடத்துவதில் இந்தச் சாவிக்குப் பெரும்பங்கு உண்டு. பார்க்கின்சன் நோயில் டோபமினைச் சுரக்கும் கலங்கள் அழிந்துகொண்டே வருகின்றன. பூட்டு அப்படியே இருக்கிறது, சாவிக்குத்தான் பஞ்சம்.

இது தெரிய வந்த வழியில் சர்ப்பகந்தி வேர் நிற்கிறது. டெல்லியில் ஹகீம் அஜ்மல் கான் அவர்கள் நிறுவிய திப்பியாக் கல்லூரியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவருடைய ஊக்கத்தால் அங்கே ஆய்வுக்கு வந்த சலீமுஸ்ஸமான் சித்தீகீ, சர்ப்பகந்தி வேரிலிருந்து 1931இல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, மறைந்த ஹகீமின் நினைவாக அதற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். அதே ஆண்டில் வங்காளத்தின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், சித்தப் பிரமைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் இந்த வேர் உதவுவதை எழுதினார்கள். அந்த வேரின் இன்னொரு சத்தாகிய ரெசர்பினை 1952இல் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுத்தார்கள். சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சன் 1957இல் அந்த ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காது தொங்க, அசைவற்றுக் கிடந்தன. பிறகு லெவோடோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. ரெசர்பின் மூளையின் டோபமினைக் காலி செய்திருந்தது. லெவோடோபா அதைத் திரும்ப நிரப்பியது. இந்த ஆராய்ச்சிகளுக்காக 2000ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1961இல் வியன்னா நகரில் மனித நோயாளிகளுக்கு லெவோடோபா கொடுத்து, படுத்தவர்கள் எழுந்ததைக் கண்டார்கள்.

அந்த லெவோடோபா நம் காட்டோரப் பூனைக்காலிக் கொடியின் விதையில் இருக்கிறது. காய்மேல் பட்டால் சொறிந்தே உயிர் போகும், அந்தப் பூனைக்காலிதான். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் அதிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அப்போது அது பார்க்கின்சன் நோய்க்கு ஆகும் என்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. (இதைக் கேள்விப்பட்ட எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் பூனைக்காலி விதைப்பொடியை அத்தாவுக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். விதைக்கு விதை சத்து கூடும், குறையும். ஏற்கெனவே மாத்திரையில் அதே சத்து போய்க்கொண்டிருக்கிறது. ஒருமுறை சூடுபட்டவன் ஆகையால் மறுத்துவிட்டேன்.)

இனி என் தவறுக்கு வருகிறேன். லெவோடோபா மூளைக்குள் போய் டோபமினாக மாறினால் அசைவு வரும். ஆனால் அதில் ஒரு பகுதி வழியிலேயே, இரத்தத்தில், டோபமினாகிவிடுகிறது. அதைத் தடுக்கத்தான் கார்பிடோபாவைச் சேர்க்கிறார்கள். என்றாலும் முழுதும் தடுபடுவதில்லை. மூளையின் அடியில், இரத்தத்தில் நஞ்சு வந்தால் கண்டறிந்து வாந்தியைத் தூண்டுவதற்கென்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. மூளையைச் சுற்றியுள்ள காவல் மதில் அந்த இடத்தில் இல்லை. நஞ்சை மோப்பம் பிடிக்க வேண்டிய இடத்துக்கு மதில் எதற்கு? அங்கேயும் டோபமின் ஏற்பிகள் உள்ளன. வழியில் உண்டான டோபமின் அந்தப் பூட்டைத் திறந்துவிட, அத்தாவுக்கு வாந்தி வந்தது. மெட்டோகுளோபிரமைடு அந்தப் பூட்டில் போய் அடைத்துக்கொள்ளும் மருந்து. ஆகவே வாந்தி நின்றது. ஆனால் அது மதிலையும் கடந்து உள்ளே போய், அசைவை நடத்தும் பூட்டுகளையும் அடைத்தது. ஏற்கெனவே சாவிப் பஞ்சத்தில் இருந்த வீட்டுக்குள் பூட்டையும் அடைத்துவிட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

நாய்க்கு ஏன் அப்படி ஆகவில்லை? சீக்கு நாய்க்கு வேண்டிய டோபமின் அதன் மூளையில் நிறைய இருக்கிறது. கொஞ்சம் அடைபட்டாலும் தாங்கும். நான் அறியாமல் விட்டது இதைத்தான். ஆனால் பூட்டு நாய்க்கும் மனிதனுக்கும் ஏறக்குறைய ஒன்றே என்று நான் நினைத்ததில் தவறில்லை. 1976இல் கனடாவின் டொரண்டோவில் ஃபிலிப் சீமன் குழுவினரும், அமெரிக்காவின் பால்டிமோரில் சாலமன் ஸ்னைடர் குழுவினரும் கன்றுக்குட்டியின் மூளைத் திசுவை எடுத்து, மனநோய் மருந்துகள் அதிலுள்ள டோபமின் ஏற்பியை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகின்றன என்று அளந்தார்கள். கன்றின் மூளையை இறுகப் பற்றிய மருந்து மனித நோயாளிக்குக் குறைந்த அளவிலேயே போதுமானதாக இருந்தது. தளர்வாகப் பற்றியது அதிக அளவில் தேவைப்பட்டது. மாட்டோடு வாழ்ந்த எனக்கு இதைப் படித்தபோது மெய் சிலிர்த்தது. பிறகு 1988இல் எலியின் டி2 என்ற ஏற்பியின் மரபணுவைக் கண்டார்கள். எலியின் ஏற்பி 444 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி, மனிதனுடையது 443. இடையிலுள்ள வேறுபாடு மிகச் சிறிது.

பூட்டு இவ்வளவு ஒத்திருந்தும், அது திறந்தால் நடப்பது உயிருக்கு உயிர் வேறு. அபோமார்ஃபின் என்றொரு மருந்து உண்டு. மார்ஃபினை அமிலத்தோடு சூடாக்கி 1869இல் செய்தது. ஆனால் மார்ஃபினின் போதை அதில் இல்லை. டோபமின் பூட்டை நேரே திறக்கும் சாவி அது. அதை நாய்க்குக் கொடுத்தால் சில நிமிடங்களில் வாந்தி எடுக்கும். விஷம் தின்ற நாய்க்கு அதனால்தான் கொடுக்கிறார்கள். பூனைக்கு அவ்வளவாக வேலை செய்யாது; பூனையை வாந்தி எடுக்க வைக்க வேறு வகைப் பூட்டைத் தொடும் மருந்துகள்தாம் ஏற்றவை. எலிக்குக் கொடுத்தால் ஓயாமல் மோந்து மோந்து கம்பியைக் கடிக்கும். வாந்தி எடுக்காது, ஏனெனில் எலிக்கு வாந்தி எடுக்கவே தெரியாது. சுண்டெலி கூட்டின் சுவரில் தொற்றி ஏறும். புறாவுக்குக் கொடுத்தால் தரையில் ஒன்றுமே இல்லாதபோதும் கொத்திக்கொண்டே இருக்கும். 1960களின் தொடக்கத்தில் லக்னோவில் தவானும் சக்சேனாவும் இந்தக் கொத்தலை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். அதே அபோமார்ஃபினைப் பார்க்கின்சன் நோயாளிக்கு ஊசியாகப் போட்டால், உறைந்து நின்றவர் நடக்கிறார்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ரோபினிரோல் என்பது பார்க்கின்சன் நோயாளிகள் விழுங்கும் மாத்திரை. அதையே கண்ணில் விடும் சொட்டு மருந்தாக்கி, நாயை வாந்தி எடுக்க வைப்பதற்கென்று 2020இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். மனிதனுக்குக் குமட்டல் வந்தால் அது பக்க விளைவு. நாய்க்கு அதுவே நோக்கம்.

ஆகையால்தான் ஒரு விலங்கில் கண்டதை இன்னோர் உயிருக்கு அப்படியே எடுத்துச் செல்லக்கூடாது. 1982இல் கலிஃபோர்னியாவில் போதைப் பொருளோடு கலந்த ஒரு நஞ்சை ஊசியில் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள், என் அத்தாவைப் போல உறைந்து போனார்கள். அந்த நஞ்சை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவை பெரும்பாலும் தாக்குப் பிடித்தன. குரங்குகளுக்குக் கொடுத்தபோதுதான் மனிதரைப் போலவே உறைந்தன. இது பூட்டின் கதை அன்று, டோபமின் கலத்தையே கொல்லும் நஞ்சின் கதை. எலியை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பொருள் தீங்கற்றது என்றே எழுதியிருப்பார்கள்.

இவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் மலையிலேயே இந்தப் பாடம் பறந்துகொண்டிருந்தது. மாட்டு வலிக்கு டைகுளோஃபெனாக் ஊசியை நானும் போட்டிருக்கிறேன். மாடு நலமடைந்தது. ஆனால் ஊசி போட்ட சில நாட்களில் இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் பழுதாகி மடிந்தன. 2004இல் இந்தக் காரணம் உறுதியாயிற்று. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னாட்டில் அந்தக் கழுகுகள் எஞ்சி நிற்கும் சில இடங்களுள் ஒன்று. தடைச் சுற்றறிக்கை வந்தபோது படித்துக் கையெழுத்திட்டவன் நான். மாட்டுக்கு ஆவது கழுகுக்கு ஆகாது என்று அறிந்து மூன்று ஆண்டுகள் கழித்துத்தான், நாய்க்கு ஆவது அத்தாவுக்கும் ஆகும் என்று கணக்குப் போட்டேன்.

அத்தாவுக்கு மருத்துவர் பிறகு கொடுத்தது டோம்பெரிடோன் என்ற மாத்திரை. அதுவும் டோபமின் பூட்டை அடைப்பதுதான். ஆனால் காவல் மதிலைத் தாண்டி மூளைக்குள் அது பெரும்பாலும் போவதில்லை. வாந்தி இடத்துப் பூட்டை மட்டும் அடைத்து, அசைவின் பூட்டை விட்டுவிடும். அதையும் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டே கொடுத்தார். இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சிலருக்கு அது கெடுக்கும் என்றார். ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டில் பார்க்கின்சன் நோயாளி இருப்பவர்கள் ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டி வைக்கத்தக்க பெயர்கள் சில உண்டு. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின். தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் சின்னாரிசின், ஃபுளூனாரிசின். மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால். இவை யாவும் அந்தப் பூட்டை அடைப்பவை. எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும், ‘இவருக்குப் பார்க்கின்சன் இருக்கிறது’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பல் பிடுங்கப் போனாலும் சொல்லுங்கள்.

வீட்டுப் பெண்களுக்கு இன்னொன்று. பெருநாள் பகலில் பிரியாணி உண்ட பிறகு அத்தாவுக்கு மாத்திரை வேலை செய்யாது. முதல் ஆண்டு, பெருநாள் அலைச்சல் என்று நினைத்தோம். இறைச்சியின் புரதம் செரித்து இரத்தத்தில் கலக்கும்போது, மூளைக்குள் நுழையும் அதே வாசலில் லெவோடோபாவோடு முட்டி மோதுகிறதாம். அடுத்த ஆண்டிலிருந்து அம்மா மாத்திரையை ஒரு மணி நேரம் முன்னதாகக் கொடுத்துவிட்டுத்தான் ஸஹனை எடுத்து வைப்பார்கள். விருந்தினர் காத்திருப்பார்கள்; யாரும் குறை சொன்னதில்லை.

அத்தா 2017ஆம் ஆண்டு மவுத்தானார். அவருடைய கணக்கு நோட்டுகளை அம்மா இன்னும் வைத்திருக்கிறார்கள். 2009 நவம்பர்ப் பக்கத்தை நான் சில சமயம் எடுத்துப் பார்ப்பதுண்டு. மாத்திரை தொடங்கிய பிறகு எழுத்து மறுபடி உளுந்தளவுக்கு வந்திருக்கிறது. பிறகு நான்கு தேதிகளுக்கு எதிரில் ஒன்றும் இல்லை. ஐந்தாவதற்கு எதிரில், உற்றுப் பார்த்தால்தான் தெரியும் எழுத்தில், ‘பால் 1 லிட்டர்’ என்று எழுதியிருக்கிறார்.